தாத்தாவின் அஞ்சலட்டையில் இருக்கும் சாண்ட்ஸ் ஹோட்டல் எங்கே?

லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் இப்போது இல்லை. 1952-இல் திறந்த அந்த ஹோட்டலை 1996 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதே இடத்தில் 1999-இல் வெனீஷியன் என்ற ஹோட்டல் வந்தது.

வரைபடத்தில் தேடினால் சீனாவின் மக்காவு காட்டுகிறது என்கிறீர்கள். சாண்ட்ஸ் நிறுவனம் 2004-இல் அங்கே அதே பெயரில் ஒரு சூதாட்ட விடுதியைத் திறந்ததுதான் காரணமாக இருக்கும். எனவே தேடும்போது வெனீஷியன் லாஸ் வேகாஸ் என்று கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், அட்டைப் படத்தில் உயரமான வட்டக் கோபுரம் தெரிகிறதா? அது 1960களின் பிற்பாதியில் எழுந்தது. தாழ்வான கட்டடங்கள் மட்டும் இருந்தால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. அட்டையை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், அந்த ஹோட்டலில் மிஞ்சியது பெரும்பாலும் இப்படிப்பட்ட படங்கள்தான்.

ஒன்று கவனியுங்கள்: அட்டை அச்சான ஆண்டும் தாத்தா தங்கிய ஆண்டும் வேறாக இருக்கலாம், தபால் முத்திரையையே நம்புங்கள். ஹோட்டலின் ஆவணம் தேடினால் கிளார்க் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்தில் தேடுங்கள். ஹோட்டல் இருந்த இடம் லாஸ் வேகாஸ் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது.