சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாஸ் தினமும் சாப்பிடலாமா? அதில் என்ன நன்மை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு அம்மா, பேரனுக்காக வாங்கி அடுக்கியிருக்கும் சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாஸை (வேகவைத்து மசித்த ஆப்பிள்) தானும் தினமும் சாப்பிடலாமா, சுகர் இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறார்.

சுகர் கட்டுக்குள் இருந்தால் ஒரு நாளைக்கு அரை கப் தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா. ஆனால் கடித்துச் சாப்பிடப் பல் இருக்கிறதென்றால், ஆப்பிளையே தோலோடு நறுக்கிச் சாப்பிடுங்கள். பலன் அதில்தான் அதிகம்.

நான் பென்சில்வேனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் வேலையே ஆப்பிள் சாஸை நம்பித்தான் ஓடுகிறது என்றால் சிரிப்பீர்கள். காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது, மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டப்பா ஆப்பிள் சாஸும் ஒரு கட்டு பிளாஸ்டிக் ஸ்பூனும் இருந்தே ஆக வேண்டும். தண்ணீரோடு மாத்திரை விழுங்கத் தெரியாமல் திணறுகிறவர்களுக்கு, பொடித்த மாத்திரையை ஒரு ஸ்பூன் சாஸில் குழைத்து ஊட்டிவிடுவோம். வழவழவென்று இருப்பதால் தொண்டையில் சிக்காமல் இறங்கிவிடும். (வீட்டில் இதைச் செய்து பார்க்கும் முன் மருந்துக் கடையில் கேட்டுவிடுங்கள். மெதுவாகக் கரையும் எஸ்ஆர், எக்ஸ்ஆர் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. சுகருக்குப் பலர் போடும் மெட்ஃபார்மின் எஸ்ஆரும் அந்த வகைதான். பொடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.)

இனி உங்கள் கேள்வி. சர்க்கரை சேர்க்கவில்லை என்பதால் அதில் சர்க்கரையே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். அரை கப், அதாவது சுமார் 120 கிராம் சாஸில், பழத்துக்கே உரிய சர்க்கரை 11 கிராம் அளவில் இருக்கும். அந்தச் சர்க்கரையையும் சேர்த்து கார்போஹைட்ரேட் மொத்தம் 13, 14 கிராம், கலோரி 50 சொச்சம். சர்க்கரை போட்ட சாஸ் என்றால் அதே அரை கப்பில் கலோரி 80ஐத் தாண்டும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ‘டோட்டல் சுகர்ஸ்’ என்று ஒரு வரியும் அதற்குக் கீழே ‘ஆடட் சுகர்ஸ்’ என்று ஒரு வரியும் இருக்கும். இரண்டாவது வரியில் 0 இருக்க வேண்டும். சேர்மானத்தில் ஆப்பிள், தண்ணீர், அஸ்கார்பிக் ஆசிட் தவிர வேறு எதுவும் இல்லாவிட்டால் நல்ல சரக்கு. அஸ்கார்பிக் ஆசிட் என்றதும் பயந்துவிடாதீர்கள், அது வைட்டமின் சி. சாஸ் கறுத்துப்போகாமல் இருக்கப் போடுகிறார்கள். சொல்லப்போனால் கடை சாஸில் இருக்கிற வைட்டமின் சி பெரும்பாலும் அப்படிப் போட்டதுதான், ஆப்பிளில் இருந்தது வேகும்போதே போய்விடும்.

சுகர் உள்ளவர்கள் இதை இட்லி, தோசைக்கு மேல் ஒரு இனிப்பாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஏதாவது ஒன்றுக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும். ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லை நாலு மணிக்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுங்கள். கூடவே பத்து பாதாமோ கொஞ்சம் இனிப்பில்லாத தயிரோ இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்துவிட்டால் உங்கள் உடம்பே பதில் சொல்லிவிடும்.

சரி, முழு ஆப்பிள்தான் மேல் என்று ஏன் சொல்கிறேன்? நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்றைத் தோலோடு சாப்பிட்டால் நார்ச்சத்து 4 கிராமுக்கு மேல் கிடைக்கும். அரை கப் சாஸில் ஒன்றேகால் கிராம் தேறினால் அதிகம். ஆப்பிளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த குவெர்செட்டின் போன்ற சத்துகள் தோலில்தான் அதிகம் இருக்கின்றன. தோலைத்தான் தொழிற்சாலையில் எடுத்துவிடுகிறார்களே!

வயிறு நிறைவதிலும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் மாநிலத்து பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 58 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2009இல் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் ஆப்பிள் துண்டுகள், ஒரு நாள் ஆப்பிள் சாஸ், ஒரு நாள் ஜூஸ், எல்லாம் ஒரே கலோரி அளவில். ஆப்பிள் துண்டு சாப்பிட்ட அன்று, எதுவும் சாப்பிடாமல் நேரே சாப்பிட உட்கார்ந்த நாளைவிட மொத்தக் கலோரி 15 சதவீதம் குறைந்தது, அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்துத்தான். சாஸ் நடுவில் நின்றது, ஜூஸ் கடைசி. ஜூஸில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தும் பெரிதாகப் பயன் இல்லை. ஆக, நார் மட்டும் விஷயமில்லை, மெல்லுவதிலும் ஏதோ இருக்கிறது. பிரிட்டனில் மசித்த பழத்துச் சர்க்கரையை, ஜூஸ் சர்க்கரையைப் போலவே, குறைக்க வேண்டிய சர்க்கரையில் சேர்த்துக் கணக்கு வைக்கிறார்கள், முழுப் பழத்துக்கு அந்தக் கணக்கு இல்லை.

அப்படியானால் சாஸ் யாருக்குத்தான் நல்லது? பல் பிடுங்கியவர்கள், பல்செட் பொருந்தாமல் அவதிப்படுகிறவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் அது வரப்பிரசாதம். கிட்னி நோயாளிகளையும் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குறைக்கச் சொன்னவர்களுக்கு எங்கள் இல்லத்தில் வாழைப்பழம் போகாது, ஆப்பிள் சாஸ்தான் போகும். அரை கப்பில் பொட்டாசியம் 90 மில்லிகிராம் அளவுக்குத்தான், ஒரு வாழைப்பழத்தில் 400க்கு மேல். வேகாத ஆப்பிளைக் கடித்தால் வாயும் உதடும் அரிக்கும் சிலருக்குக்கூட வேகவைத்தது ஒன்றும் செய்வதில்லை.

வயிற்று விஷயத்தில் ஆப்பிள் சாஸ் இரண்டு பக்கமும் பேசும். அதில் பெக்டின் என்ற கரையும் நார் இருக்கிறது, தண்ணீரை இழுத்து ஜெல்லி மாதிரி ஆகும். அதனால்தான் வயிற்றுப்போக்குக்கு வாழைப்பழம், சோறு, ஆப்பிள் சாஸ், டோஸ்ட் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். இப்போது குழந்தை மருத்துவர்கள் அது மட்டுமே போதும் என்று சொல்வதில்லை. புரதமும் கொழுப்பும் இல்லாத சாப்பாட்டில் குழந்தை தேற நாளாகும் என்கிறார்கள். மலச்சிக்கலுக்கு எங்கள் இல்லத்தில் ஒரு கைமருந்து உண்டு: ஆப்பிள் சாஸ், கோதுமைத் தவிடு, ப்ரூன் (உலர்ந்த பிளம்ஸ்) ஜூஸ் மூன்றையும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு ஒரு ஸ்பூன், மேலே ஒரு டம்ளர் தண்ணீர். பார்க்கச் சகிக்காது, வேலை செய்யும். (ப்ரூனில் பொட்டாசியம் அதிகம், கிட்னிக்காரர்களுக்கு வேண்டாம்.) ஆனால் சாஸை மட்டும் கப் கப்பாக உள்ளே தள்ளினால், ஆப்பிளில் உள்ள ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள்கள் சேர்ந்து வயிற்றை உப்ப வைத்துவிடும். ஐபிஎஸ் என்ற குடல் எரிச்சல் தொந்தரவு இருப்பவர்கள் கவனம்.

பேரனுக்கு வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. 2023 கடைசியில் ‘வனபானா’ என்ற பெயரில் வந்த, பட்டைப்பொடி கலந்த ஆப்பிள் மசியல் பாக்கெட்டுகளைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது. முதலில் வட கரோலினாவில் கண்டுபிடித்தார்கள், பிறகு நாடு முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். ஆப்பிளில் குற்றம் இல்லை, ஈக்வடாரில் சேர்த்த பட்டைப்பொடியில்தான் ஈயம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் வெறும் சாஸாக வாங்கி, பட்டை வேண்டுமென்றால் வீட்டுப் பட்டையைப் போடச் சொல்கிறேன். பாக்கெட்டை உறிஞ்சவிடாமல் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனில் கொடுங்கள், எவ்வளவு உள்ளே போகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

வீட்டிலேயே செய்வது இதைவிடச் சுலபம். செப்டம்பர், அக்டோபரில் இங்கே தோட்டங்களில் அடிபட்ட பழங்களைக் கூடை கணக்கில் மலிவாகக் கொடுப்பார்கள். மெக்கின்டாஷ் வகை ஆப்பிள் கிடைத்தால் விடாதீர்கள், வெந்ததும் தானாகவே குழைந்துவிடும். நாலு பழத்தை விதை நீக்கித் துண்டு போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் கால் மணி நேரம். ஓரத்தில் நுரை கட்டி, கரண்டி பட்டதும் துண்டு சரிய ஆரம்பிக்கும்போது இறக்கி, பருப்பு மத்தால் மசியுங்கள். தோலை நான் எடுப்பதில்லை, ஆறியதும் மிக்சியில் ஒரு சுற்று விட்டால் இளஞ்சிவப்பாக அரைந்துவிடும். காலா, ஃபூஜி வகைகளுக்கு இனிப்பே வேண்டாம். கிரானி ஸ்மித் மட்டும் போட்டால் முகம் சுளிக்க வைக்கும், பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைத் தேடி அலையவும் வேண்டாம், விலை கொடுத்து இறக்குமதி டப்பா வாங்கவும் வேண்டாம். நம்ம கொய்யாவில் நார்ச்சத்தும் வைட்டமின் சியும் இதைவிடப் பல மடங்கு. கொட்டை பல்லில் சிக்கும் என்றால் பப்பாளி இருக்கிறது.