எழுத்தளவு பாராத ஹேஷ் மேப்: கேள்வி பதில்

கேள்வி: கீயை (தேடும் பெயரை) கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் ஹேஷ் மேப்பான சி++ அன்ஆர்டர்டு மேப்புக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராத ஒப்பீட்டுச் சார்பை எழுதிக் கொடுத்தேன். சிறிய எழுத்தில் சேர்த்த கீயைப் பெரிய எழுத்தில் தேடினால் கிடைப்பதில்லையே, ஐயா?

பதில்: ஒப்பீட்டை மாற்றிய நீங்கள், கீயிலிருந்து ஹேஷ் மதிப்பு என்ற எண்ணைக் கணக்கிடும் ஹேஷ் சார்பை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். எந்த பக்கெட்டில், அதாவது மேப்பின் எந்த உள்ளறையில், தேடுவது என்பதை ஹேஷ் மதிப்பே முதலில் தீர்மானிக்கிறது. ஒப்பீட்டுச் சார்பின் முறை அதன் பிறகுதான் வருகிறது என்பதால், தவறான பக்கெட்டுக்குப் போன தேடலை எவ்வளவு நல்ல ஒப்பீடும் காப்பாற்றாது. சமம் என்று நீங்கள் கருதும் இரு சரங்கள் ஒரே ஹேஷ் மதிப்பைத் தந்தே ஆக வேண்டும். ஒரே ஹேஷ் மதிப்புள்ளவை சமமாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி குறியீட்டில் 32 மதிப்புள்ள பிட்டை ஏற்றினாலே (1 ஆக்கினாலே) சிறிய எழுத்தாகிவிடுமே, அது போதாதா?

பதில்: ஹேஷ் கணக்கிடப் போதும், சமம் பார்க்கப் போதாது. பெரிய ஏ 65, சிறிய ஏ 97 என்பது சரிதான். ஆனால் அதே பிட், 91ஆம் குறியான சதுர அடைப்பை 123ஆம் குறியான நெளி அடைப்பாகவும் மாற்றிவிடும். ஹேஷில் இதனால் மோதல் (வெவ்வேறு கீகளுக்கு ஒரே ஹேஷ் மதிப்பு வருவது) சற்றுக் கூடும், அவ்வளவே. ஒப்பீட்டிலோ வெவ்வேறான இரு கீகள் ஒன்றாகி, ஒன்றன் மதிப்பை மற்றொன்று சத்தமின்றி அழித்துவிடும். ஆகவே ஒப்பீட்டில் 65 முதல் 90 வரையுள்ள குறிகளை மட்டுமே மாற்றுங்கள்.

கேள்வி: ஜாவாவின் ஹேஷ்மேப்பில் ஒப்பீட்டுச் சார்பு கொடுக்க இடமே இல்லையே?

பதில்: கீகளை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீமேப்பில் உண்டு, வரிசையும் தேவையென்றால் அதுவே நல்லது. ஹேஷ்மேப்தான் வேண்டுமென்றால், அதை ஒரு வகுப்புக்குள் மறைத்து, சேர்க்கும்போதும் தேடும்போதும் நீக்கும்போதும் கீயைச் சிறிய எழுத்தாக்குங்கள். பயனர் எழுதிய வடிவம் திரையில் தேவைப்பட்டால் அதை மதிப்போடு சேர்த்து வையுங்கள். லொகேலை (மொழி, நாட்டு அமைப்பை) ரூட் (எந்த மொழியையும் சாராதது) என்று வெளிப்படையாகக் குறிப்பிடத் தவறாதீர்கள். துருக்கிய லொகேலில் பெரிய ஐ புள்ளியில்லாத சிறிய ஐ ஆகிவிடும்.

கேள்வி: பைத்தானில் கீயைச் சிறிய எழுத்தாக்க லோவர் சார்பு போதுமா?

பதில்: ஆங்கிலத்துக்குப் போதும். ஜெர்மன் எஸ்செட் எழுத்தை லோவர் அப்படியே விட, எழுத்தளவு பாராத ஒப்பீட்டுக்கென உள்ள கேஸ்ஃபோல்டு சார்பு இரண்டு எஸ் ஆக்கும். பல மொழிகள் வருமிடத்தில் கேஸ்ஃபோல்டே சரி.

கேள்வி: தமிழ்க் கீகளுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற இச்சிக்கல் இல்லைதானே?

பதில்: இச்சிக்கல் இல்லை, வேறொன்று உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவற்றின் ஹேஷ் வேறுபடும். எனவே கீயாக்கும் முன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.