பதில்: கொழுக்கட்டைப் புல் – இரண்டு பெயர், முளைக்காத விதை

கொழுக்கட்டைப் புல் என்ற தீவனப் புல்லின் விதைப் பைகளில் வெவ்வேறு பெயர் இருப்பது ஏன், விதை ஏன் முளைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பையில் செங்க்ரஸ் சிலியாரிஸ், இன்னொன்றில் பென்னிசெட்டம் சிலியாரே என்றிருப்பதால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே புல்தான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1771இல் வைத்த செங்க்ரஸ் சிலியாரிஸ் என்ற பெயரே இன்றும் செல்லும். கதிரிலுள்ள தூவிகள் (முடி போன்ற இழைகள்) அடியில் மட்டும் லேசாக ஒட்டியிருப்பதால்தான் சிலர் இதைப் பென்னிசெட்டம் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள்.

கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) பிடுங்கியது அதுதானா என்று பார்க்க, ஒரு கதிரை விரல்களுக்கிடையில் உருவுங்கள். தூவி நீளமாக, மெத்தென்று இருந்தால் சிலியாரிஸ். குட்டையாக, தட்டையாக, விறைத்துக் குத்தினால் அது செங்க்ரஸ் செட்டிஜெரஸ் என்ற இன்னொரு வகை. அதுவும் நல்ல தீவனமே.

முளைக்காததற்குக் காரணம் பெயரல்ல. புதிதாக உருவிய விதைக்கு உறக்கநிலை உண்டு. சில மாதம் உலர்வாக வைத்துவிட்டு விதையுங்கள். விதைகள் பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஈரமணலில் கலந்து தூவி, ஒரு செ.மீ.க்கு மேல் மூடாதீர்கள். ஆழமாக உழுது மூடினால் பாதிகூட வெளியே வராது.