வாசல் எந்தப் பக்கம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு எனக்குச் சரியாக அமையவில்லை. மார்ச்சில் அப்பா காலமானார். ஜூலையில் வேலை போயிற்று. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஞாயிறுதோறும் மும்பையின் புகழ்பெற்ற கட்டடங்களையும் சிற்பங்களையும் பார்க்கக் கிளம்பினேன். விக்டோரியா டெர்மினஸ், அருங்காட்சியகம், காணேரிக் குகைகள் என்று பதினோரு இடங்கள். எலிஃபண்டா தீவுக் குகையில் மும்மூர்த்தி சிலை முன் அரைமணி நேரம் நின்றும் மனம் அடங்கவில்லை. கலை ஆறுதல் தரும் என்கிறார்களே, எனக்கு ரசனை இல்லையா? போகுமுன் எந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

செல்ஃபி எடுப்பவர்களைத் திட்டி நீங்கள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டிவிட்டேன். அப்பாவுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். அதை இரண்டு முறை படித்தேன்.

அது மும்மூர்த்தி இல்லை. படகுத்துறை வழிகாட்டி சொன்னதை அப்படியே எழுதுவதா? மூன்று முகமும் சிவன்தான், மகேசமூர்த்தி என்பார்கள். நமக்கு இடப்பக்கம் மீசையும் பாம்புமாக அகோரம், வலப்பக்கம் தாமரையோடு பெண்மை கனிந்த வாமதேவம், நடுவில் கண்மூடிய தத்புருஷம். சுமார் இருபது அடி உயரம். அதன் முன் நின்று ‘எனக்கு ஆறுதல் கொடு’ என்று கேட்டீர்களாக்கும். அது என்ன, தலைவலித் தைலமா? பதினோரு இடங்களை ரேஷன் கடை வரிசைபோல ஏறி இறங்கிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஒரே இடத்துக்குப் பதினோரு முறை போயிருந்தால் உங்களோடு பேச எனக்கு விஷயம் இருந்திருக்கும்.

நான் அப்படிப் போனவன். தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா ஒரு மருத்துவமனையில் ஐந்து மாதம் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம் மாலை நான்கு மணிக்கு. காலையில் மாட்டுங்கா வீட்டின் வெறுமை தாங்காமல் கேட்வே ஆஃப் இந்தியாவில் எலிஃபண்டாவுக்குப் படகேறிவிடுவேன். ஒரு மணி நேரக் கடல். பிறகு நூற்றிருபது படிகள். முதல் இரண்டு வாரம் நானும் உங்களைப்போல முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் சலித்துப்போய்த் தூண்களுக்கு நடுவே காலடி வைத்து அளக்க ஆரம்பித்தேன். ஓர் இடைவெளி பதினைந்து அடி, அடுத்தது பதினான்கரைகூட வரவில்லை. காவலாளி வந்து என்ன தொலைத்தீர்கள் என்று விசாரித்தார்.

அந்தக் குகை கட்டியது அல்ல, குடைந்தது. ஆறாம் நூற்றாண்டில், கருங்கல்லாய் உறைந்த எரிமலைக் குழம்புக்குள் மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூரைதான் முதலில், தரை கடைசியில். தூண் நிற்க வேண்டிய இடத்தை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழி கிடையாது. கீழ்ப்பாதி சதுரம், மேலே வட்டம், உச்சியில் அமுக்கிவைத்த நெல்லிக்காய் என்று ஒவ்வொரு தூணும் அந்தத் துணிச்சலில் மிஞ்சியது. அரை அடி பிசகாமல் எப்படி இருக்கும்?

அன்று மாலை இதை அம்மாவிடம் சொன்னேன். பேச வேறு எதுவும் இல்லாததால்தான் சொன்னேன். மருந்து, ரிப்போர்ட், அக்கா எப்போது வருகிறாள், இவை தவிர அந்த வார்டில் வேறு பேச்சு கிடையாது. அம்மா திருநெல்வேலியில் தெருவடைத்துக் கோலம் போட்டவர். “நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா?” என்று கேட்டார். தூண்கள் நேர்ப்புள்ளிதான், நான்கு மூலையில் மட்டும் புள்ளி இல்லை என்றேன். விரிப்பின்மேல் விரலால் ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தார். ஊசி ஏற்றிய கை வீங்கியிருந்தது, அதனால் இடது கையால்.

“நடுவில் என்ன?”

நடுவில் ஒன்றுமில்லை, லிங்கச் சன்னிதி மேற்கே தள்ளி ஓரமாக இருக்கிறது, நான்கு பக்கமும் வாசல், வாசலுக்கு இரண்டு துவாரபாலகர் என்றேன். அம்மா முகத்தைச் சுளித்தார். கோணல் கோலம் பார்த்த சுளிப்பு. “நீ எந்தப் பக்கமாக உள்ளே போகிறாய்?”

எல்லோரும் போகிற பக்கம்தான், வடக்கு.

“ஓரமாக யாராவது சாமியை வைப்பார்களா? நீ விலாப்பக்கமாக நுழைகிறாய். வாசல் கிழக்கே இருக்கும், போய்ப் பார்.”

அடுத்த ஞாயிறு படிகளை ஓடி ஏறினேன். கிழக்கே ஒரு முற்றம். வெயில் கொட்டிக் கிடந்தது. நடுவே வட்ட மேடை, நந்தி இருந்த இடம் என்கிறார்கள். அங்கே நின்று திரும்பினால், இரண்டு வரிசைத் தூண்களுக்கு இடையே நேர் எதிரே சன்னிதி வாசல். மகேசமூர்த்திக்குத் தெற்கு வடக்காக ஒரு கோடு, லிங்கத்துக்குக் கிழக்கு மேற்காக ஒரு கோடு. அறிஞர்கள் கிழக்கு வாசலைப் பற்றி எழுதியிருந்ததைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். குகையைப் பார்த்தே இராத அம்மா படுக்கையில் இருந்தபடி அதைச் சொல்லியிருந்தார்.

ஆறுதலா? இல்லை. திரும்பும் படகில் அழுதேன். ஆனால் மாலை நான்கு மணிக்காகக் காத்திருக்க ஒரு காரணம் இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அம்மா தலையைத் தூக்கி, “கிழக்குதானே?” என்றார்.

அந்த ஆனியில் போய்விட்டார். மழைக்காலம், படகுகளும் சரியாக ஓடவில்லை.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. தயிர்சாதத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், படிக்கட்டுக் குரங்குகள் விடாது. அடுத்த கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுங்கள்.