குளம்பு அரம்: கேள்வியும் பதிலும்

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: முதல்முறை குதிரைக்கு அரம் வாங்குகிறேன். எத்தனை அங்குலம்?

14 அங்குலம், தம்பி. ஒரே தள்ளில் குளம்பின் இரண்டு ஓரத்தையும் தொட்டுப் போக வேண்டும், அப்போதுதான் அடி மட்டமாக வரும். ஒரு பக்கம் முரட்டுப் பல், மறுபக்கம் மெல்லிய பல். முரட்டுப் பக்கம் உயரத்தைக் குறைக்க, மெல்லியது விளிம்பை உருட்ட. அரத்தின் கூரான வால்முனைக்குப் பிடி போடாமல் ராவாதீர்கள், உள்ளங்கையில் ஏறிவிடும். வாங்கும்போது பெருவிரல் நகத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகமும் குளம்பும் ஒரே கெரட்டின்தான். வெள்ளைத் தூள் வந்தால் கூர் இருக்கிறது, வழுக்கினால் வேண்டாம்.

ஏறாவூர்: வாங்கி ஒரு மாதம்கூட இல்லை, மழுங்கிவிட்டது.

மணல். நம் கரையோரத்தில் குளம்பின் அடிக்குழியெல்லாம் மணல் அப்பிக் கிடக்கும். அதோடு ராவினால் தேய்வது அரத்தின் பல்தான். கொக்கியால் தோண்டி, தும்புத் தூரிகையால் தேய்த்து, அப்புறம்தான் அரத்தை எடுக்க வேண்டும்.

காத்தான்குடி: துருப் பிடிக்காமல் வைப்பது எப்படி?

வேலை முடிந்ததும் பல் வரிசை ஓடும் திசையிலேயே கம்பி பிரஷால் தட்டித் துடையுங்கள். மெல்லிதாக எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள்.

மருதமுனை: அரத்துக்கு எண்ணெயா? எங்கள் மூத்தப்பா தச்சர். வெண்கட்டிதான் தேய்ப்பார். எண்ணெய் பட்டால் வழுக்கும், தூள் அப்பும்.

கல்லடித் தம்பி: எண்ணெய் பூசாமல் வைத்த மரம் ராவும் என் அரம் கடற்காற்றில் சிவந்துபோனது.

மருதமுனைக் காக்கா, உங்கள் மூத்தப்பா சொன்னது சரி. வெண்கட்டி பல்லிடுக்கில் தூள் அடைவதைக் குறைக்கும். ஆனால் அது வேலை நேரத்துக்கு. இங்கே உப்புக்காற்று, சும்மா கிடக்கும் நாளுக்கு எண்ணெய் வேண்டும். எடுக்கும்போது நன்றாகத் துடைத்துவிட்டு ராவுங்கள், வழுக்காது. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் போடாதீர்கள், பல்லோடு பல் உரசினால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

வாழைச்சேனை: என் அரமும் சீக்கிரம் மழுங்குகிறது.

மணல். ஏறாவூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கல்முனை: மழுங்கியதை எறியலாமா?

வேண்டாம். கடைசி மெருகுக்கு வைத்திருங்கள்.

சம்மாந்துறை: ஆட்டுக்கும் இதுதானா?

ஆட்டுக்கு முதலில் குளம்புக் கத்தரி, பிறகு சின்ன அரம்.

அக்கரைப்பற்று: குதிரைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை ராவ வேண்டும்? அரம் ஏன் மழுங்குகிறது?

6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாவதுக்கு, மணல்!

பொத்துவில்: குதிரை நொண்டுகிறது. எவ்வளவு ராவினால் சரியாகும்?

மகன், அரத்தைத் தொடாதீர்கள். குளம்புச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், மற்றக் கால்களைவிடச் சூடாக இருந்தால் இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். சூடு இல்லாவிட்டாலும் நாளைக்காவது காட்டுங்கள்.