ஆய்வேட்டில் மாணவரின் குரல்

மதிப்பிற்குரிய ஐயா,

கலைக்கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருக்கிறேன். எந்த ஏட்டைத் திறந்தாலும் ஒரு மேற்கோள், அதன்கீழ் 'இதன்வழி அறியமுடிகிறது' என்றொரு வரி, மீண்டும் மேற்கோள் என்றே போகிறது. சொந்தமாக எழுதச் சொன்னால், 'இப்பாடல் என் மனத்தை மிகவும் கவர்ந்தது' என்று எழுதி வருகிறார்கள். ஆய்வு நடை கெடாமல் தம் குரலில் எழுத அவர்களை எவ்வாறு பழக்குவது?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் சுட்டும் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. தாம் மேற்கோள் காட்டும் அறிஞரோடு உடன்படுகிறோமா, மாறுபடுகிறோமா என்று மாணவர் ஒருமுறையும் யோசிக்கவில்லை. அந்த நிலைப்பாடு தெளிந்துவிட்டால், 'நான்' என்ற சொல்லே வராத கட்டுரையிலும் எழுதியவரின் குரல் கேட்கும்.

இதற்கான இலக்கணம் உங்கள் மாணவர்களின் பாடத்திலேயே இருக்கிறது. நன்னூல் பாயிரம் கூறும் எழுவகை மதத்தை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளை, தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தாம் அவர்கள். உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றைத் துணிதல் என்று விரியும் அந்த ஏழில் இந்த மேற்கோளை எதற்காகக் கொண்டுவந்தாய் என்று ஒவ்வொரு மேற்கோளிலும் கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்த மேற்கோள் வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் சேனாவரையர், தமக்கு முந்தைய உரைகாரரான இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்றே சுட்டி, காரணம் காட்டி மறுக்கும் இடங்களை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். மறுப்பதற்கும் மரியாதைக்கும் பகையில்லை என்பதை மாணவர்கள் அங்கே காண்பார்கள். பெரியவர்களை மறுத்து எழுதக்கூடாது என்ற அச்சமே பலருடைய பேனாவைக் கட்டிப்போடுகிறது என்பது என் எண்ணம்.

பயிற்சிக்குக் குறுந்தொகை 40ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கும் அந்த ஐந்து அடிகளை, பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவிக்குத் தலைவன் கூறியதாக, பாடலின் சூழலைச் சொல்லும் துறைக்குறிப்பு சொல்கிறது. பாடலிலோ பிரிவு என்றும் அச்சம் என்றும் ஒரு சொல்லும் இல்லை. குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் கொடுத்து, யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுவதாகத் தோன்றுகிறது, எந்தச் சொல் அப்படி நினைக்க வைக்கிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிறகு குறிப்பைக் காட்டி, அதை ஏற்பதா மறுப்பதா என்று இன்னொரு பக்கம். 'கவர்ந்தது' என்று எழுதிய மாணவரும் இப்போது 'எவ்வழி அறிதும்' என்ற கேள்வியைச் சான்றாகக் காட்டி வாதாட வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அந்த எல்லைக்குள் அடங்குவதற்காகப் பிறர் வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றிவைக்கும் வழக்கத்தை நீங்கள் உறுதியாகத் தடுக்க வேண்டும். அங்கே கருத்தும் மாணவருடையதில்லை, மொழியும் அவருடையதில்லை.

வரைவைத் திருத்தும்போது அவர்களுடைய வாக்கியத்தை உங்கள் வாக்கியமாக மாற்றிவிடாதீர்கள். ஓரத்தில் 'ஏன்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். இந்த ஒருபக்கக் கட்டுரைகளை முதல் பருவத்திலேயே தொடங்கினால், ஆய்வேடு எழுதும் காலத்துக்குள் கை பழகிவிடும்.