கேள்வி–பதில்: மூலையில் சிவக்கும் இரும்பு

கேள்வி: பணகுடி அருகே நெல் கிடங்கு ஒன்றுக்கு, 12 மீட்டர் அகலத்தில் ஆங்கிள் ட்ரஸ் (L வடிவ இரும்புகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்) போட்டுக் கூரை அமைத்திருக்கிறேன். இணைப்புகளில், ஆங்கிள்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடான கஸெட் பிளேட்டை 8 மி.மீ. தடிமனில் வைத்து வெல்டிங் செய்திருக்கிறோம். பொறியியல் படிக்கும் என் மகன் ஓர் இணைப்பைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தான். கணக்குக்காகப் பிளேட்டைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையின் கண்ணைச் சிறிதாக்கும்தோறும், பிளேட்டின் உள்மூலையில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) 210, 290, 380 மெகாபாஸ்கல் என்று ஏறுகிறது. இரும்பு தாங்குவதோ 250. கூரையைப் பிரிக்க வேண்டுமா? – வாசகர், பணகுடி

பதில்: அந்த எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டாம். தகைவு மிகுந்த இடத்தைக் காட்டும் சிவப்பைத் திரையில் கண்டால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் கூர்மையான உள்மூலையில் தகைவுக்கு எல்லையே இல்லை என்பதுதான் மீள்மைக் கோட்பாட்டின் (பளு நீங்கினால் பொருள் பழைய வடிவுக்கே திரும்பும் என்று கொள்ளும் கோட்பாட்டின்) கணக்கு. ஆகவே வலையை இன்னும் நுணுக்கினால் 380 என்பது 500 ஆகும், அதற்கு மேலும் போகும். நிஜ இரும்போ அவ்விடத்தில் சற்றே இளகிக்கொடுத்து, பளுவைப் பக்கத்துப் பகுதிக்குத் தள்ளிவிடும். ட்ரஸ்ஸில் பளுதூக்கி எதையாவது தொங்கவிட்டு நாள்தோறும் ஏற்றி இறக்குவீர்களானால் மட்டும் களைப்பு விரிசல், அதாவது பளு திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல், பற்றிய அச்சம் உண்டு. அப்போதும் மூலை எண்ணை எடுக்காமல், வெல்டிங் விளிம்பிலிருந்து 3.2 மி.மீ., 8 மி.மீ. தொலைவுகளில் உள்ள தகைவுகளைக் கொண்டு விளிம்பின் தகைவைக் கணிப்பதே முறை.

மகன் முதலில் ஒரு கைக்கணக்கைப் போடட்டும். வெல்டிங் தொடங்கும் இடத்தில் ஆங்கிளின் இருபுறமும் 30 பாகைக் கோடு இழுத்து, வெல்டிங் முடியும் இடத்தில் கிடைக்கும் அகலத்தை அளக்க வேண்டும். 1952-இல் விட்மோர் என்ற ஆய்வாளர் கஸெட் பிளேட்டுகளைச் சோதனை செய்து சொன்ன வழி இது. 65 மி.மீ. ஆங்கிள், 150 மி.மீ. வெல்டிங் என்றால் அகலம் ஏறத்தாழ 238 மி.மீ. வரும். அதைப் பிளேட்டின் தடிமனான 8-ஆல் பெருக்கி, ஆங்கிளில் வரும் விசை 60 கிலோநியூட்டன் என்று வைத்து அந்தப் பரப்பால் வகுத்தால், ஏறத்தாழ 31.5 மெகாபாஸ்கல்தான். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநெறியான ஐஎஸ் 800:2007-இன்படி 250 தர இரும்புக்கு 227 வரை இடமிருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடிக் காற்று உங்கள் பகுதியில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கின் கதவு காற்றை நோக்கித் திறந்திருக்கும்போது கூரை மேல்நோக்கித் தூக்கப்படலாம். அப்போது வழக்கமாக இழுவிசை தாங்கும் கீழ் ஆங்கிள் அமுக்கத்துக்கு உள்ளாகும். பிளேட்டும் பக்கவாட்டில் நெளியக்கூடும். பளுவுக்கு நேர்விகிதத்தில் தகைவு ஏறும் என்று கொள்ளும் சாதாரண நேரியல் கணக்கு இதைக் காட்டாது, நெளிவுப் பகுப்பாய்வைத் தனியாகச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் 1 அன்று ஒரு ட்ரஸ் பாலம் இடிந்து 13 பேர் இறந்தனர். அங்கும் பழுது கஸெட் பிளேட்டில்தான், ஏறக்குறைய இருமடங்கு தடிமன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் 12.7 மி.மீ. பிளேட்டை வைத்திருந்தார்கள்.

ஏணி போட்டு ஏறி, ஒவ்வோர் ஆங்கிளின் எடைமையக் கோட்டிலும் (L வடிவத்தில் அது பட்டையின் நடுவில் இராது, மகன் கணித்துத் தரட்டும்) நூல் பிடித்துப் பாருங்கள். நூல்கள் ஒரே புள்ளியில் கூடாமல் விலகினால் விசை பிளேட்டை வளைக்கப் பார்க்கும், ஆகவே அந்த விலகலை மி.மீ. கணக்கில் குறித்து மகனிடம் கொடுங்கள். அவன் மாதிரியில் சேர்க்க வேண்டிய எண் அதுதான்.